நடு ராத்திரியில் கழன்று கிடக்கும் சிபேப் மாஸ்க்

கேள்வி: தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினை இரண்டு மாதமாக வைத்துத் தூங்குகிறேன். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன், காலையில் பார்த்தால் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. வாயும் வறண்டு போகிறது. எப்படியும் நாலு மணி நேரம் போட்டிருப்பேன், அது போதாதா?

பதில்: ஒன்றுமே போடாததற்கு நாலு மணி நேரம் எவ்வளவோ மேல். ஆனால் போதாது. கனவு அதிகம் வரும் ரெம் தூக்கம் விடியற்காலை நெருங்க நெருங்கத்தான் நீளும், அப்போது உடம்புத் தசைகளோடு சேர்ந்து தொண்டையும் நன்றாகத் தளர்ந்துவிடும், அதனால் பலருக்கு மூச்சு அதிக நேரம் நிற்பது இரவின் பின்பாதியில்தான். நீங்கள் கழற்றுவதும் அநேகமாக அந்த நேரத்தில். மழை வலுக்கும்போது குடையை மடக்குகிற கதை.

இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். தூக்கத்தில் கை தானாகப் போகிறது என்றால் ஏதோ தொந்தரவு செய்கிறது என்று அர்த்தம், அது என்ன என்பதற்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: வறண்ட வாய். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால் மூக்கு வழியாகப் போகும் காற்று வாய் வழியாக வெளியே ஓடிவிடும். ஒரே திசையில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் மூக்கின் உள்சவ்வு காய்ந்து வீங்கும், மூக்கு அடைக்கும், அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள்தான் அரைத்தூக்கத்தில் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் இருந்தால் அதன் அளவை ஒரு படி கூட்டிப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தினமும் புதிதாக. மாஸ்க்குக்குக் காற்று வரும் குழாயில் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் வந்தால் அறை குளிர் அதிகம், குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டால் சரியாகிவிடும். அப்படியும் வாய் காய்ந்தால் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாயில் டேப் ஒட்டும் வித்தையை நீங்களாக முயல வேண்டாம், அதுவும் மூக்கடைப்பு இருக்கும்போது.

அப்புறம் மாஸ்க்கைத் தலையில் மாட்டும் பட்டை. கண்ணாடி முன்னால் நின்று மாட்டினால் கச்சிதமாகத்தான் இருக்கும், படுத்ததும் கன்னம் சரியும், ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், உடனே எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள். அது தப்பு. மெஷினை ஓடவிட்டு, வழக்கமாகத் தூங்கும் பக்கம் சாய்ந்து படுத்து, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள், மெத்தென்ற விளிம்பு காற்றில் உப்பித் தானாக உட்காரும். அதன்பிறகு கசிந்தால் மட்டும் கொஞ்சம் இறுக்கினால் போதும். பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பெரும்பாலான மெஷின்கள் கசிவையும் ஏஹெச்ஐ எண்ணையும், அதாவது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதையும் பதிந்து வைக்கும். பொதுவாக 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. தொடர்ந்து அதைத் தாண்டினாலோ, பகலில் தூக்கம் சொக்கினாலோ அந்தப் பதிவோடு மருத்துவரைப் பாருங்கள், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள். படுத்தவுடன் காற்று முகத்தில் மோதுவதுதான் கஷ்டம் என்றால் ரேம்ப் வசதி இருக்கிறது, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏறும்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்து மாஸ்க் பக்கத்தில் கிடந்தால், இன்றைக்குப் போனது போகட்டும் என்று திரும்பிப் படுக்காதீர்கள். எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள், மிச்சமிருக்கும் நேரம்தான் உங்களுக்கு முக்கியமான நேரம்.