மீம் தயாரிப்பது வெட்டி வேலைதானே, அதில் என்ன உழைப்பு இருக்கிறது?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், வீட்டில் தம்பியோ மகனோ இரவு முழுவதும் கைப்பேசியும் கையுமாக இருப்பதைக் கண்டு எரிச்சலடைந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் வீட்டிலும் இதே கேள்வி வந்தது என்பதால் பதில் சொல்கிறேன்.

2019 மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் சார்ந்த முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. அதற்குத் தமிழர் ஒருவர், பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பெயின்டிங் கான்டிராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் எழுதிவிட்டார். 2001இல் வெளியான ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது என்று அறியாதவர்கள் உண்மையாகவே நலம் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்டானது. மே 30 அன்று மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்றார். தமிழ் ட்விட்டரோ நேசமணியின் உடல்நிலையில் மூழ்கிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் வடிவேலுவைப் புதிய படங்களில் காண்பதே அரிதாக இருந்தும், 18 ஆண்டுப் பழைய காட்சி ஒன்று விளக்கமே தேவைப்படாமல் எல்லோருக்கும் புரிந்தது.

நான் அப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். சைட்டில் நாங்கள் நிரப்பும் விபத்து அறிக்கைப் படிவத்தை அப்படியே வரைந்து, காயமடைந்தவர் நேசமணி, காயம் தலையில், காரணம் மேலிருந்து விழுந்த சுத்தியல், ஹெல்மெட் அணிந்திருந்தாரா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். படத்தை ஒட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. சுத்தியல் தலைக்கு மேலே தெரியும் கணத்தில் காட்சியை நிறுத்தினால் உருவம் மங்கிவிடும். ஒரு கணம் தள்ளி நிறுத்தினால் சுத்தியலே இருக்காது. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியது முடிய இரண்டு மணி ஆயிற்று. சம்பளம் வாங்கும் நேரத்தில் இதைச் செய்தாயா என்று கேட்க நினைப்பவர்கள் அந்த நேரத்தை மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

வலது மூலையில் சிறிய எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன். விடிவதற்குள் பெரிய மீம் பக்கம் ஒன்று அந்த மூலையை வெட்டி எறிந்துவிட்டுத் தன் முத்திரையைப் பதித்திருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், வம்பு வேண்டாம். வடிவேலுவின் படத்தை அனுமதி கேட்டா எடுத்தாய், நீ திருட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் வருவீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நான் அவர் முகத்தை மறைத்து என் முகத்தை ஒட்டவில்லை. பெயரைச் சேர்க்கும்படி அந்தப் பக்கத்துக்குப் பணிவாகத்தான் எழுதினேன். வடிவேலு அழும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்கள்.

மறுநாள் எங்கள் சைட்டின் வாட்ஸாப் குழுவில் அதே மீமை மேலாளர் அனுப்பி, “பாதுகாப்புப் பிரிவினர் இப்படியெல்லாம் யோசிக்க வேண்டும்” என்று எனக்கே அறிவுரை எழுதியிருந்தார். அதை நான் செய்தேன் என்று சொல்லியிருந்தால், ஆதாரம் கேட்டிருப்பார். அடுத்த வாரம் அதன் வண்ண அச்சு ஒன்று ஹெல்மெட் வைக்கும் அறையின் கதவில் ஒட்டப்பட்டது, மூலையில் அந்தப் பக்கத்தின் முத்திரையோடு.