ஃப்யூச்சருக்கு டைம்அவுட் கொடுத்தும் வேலை ஏன் நிற்கவில்லை?

ஸ்காலா நிரல்மொழியில் ஒரு நெட்வொர்க் அழைப்பை ஃப்யூச்சரில் போட்டு 2 வினாடி டைம்அவுட் வைத்திருக்கிறீர்கள். பிழை வந்த பிறகும் அந்த அழைப்பு பின்னணியில் ஓடுவது லாகில் தெரிகிறது. அதை எப்படி ரத்து செய்வது என்று கேட்கிறீர்கள்.

ரத்து செய்ய முடியாது. ஸ்காலாவோடு வரும் தர நூலகத்தின் ஃப்யூச்சரில் அந்த வசதியே இல்லை. அது ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையின் விடைக்கான சீட்டு மட்டுமே. டைம்அவுட் வந்தால் நீங்கள் காத்திருப்பதை நிறுத்துகிறீர்கள். வேலை செய்பவருக்கு அது தெரியவே தெரியாது.

கேட்ஸ் எஃபெக்ட் என்ற ஸ்காலா நூலகத்தின் ஐஓ அப்படியல்ல. அது செய்யவேண்டிய வேலையின் விவரிப்பு. அதை ஓடவிட்டால் ஒரு ஃபைபர் (இலகுவான திரெட்) கிடைக்கும், அதை ரத்து செய்யலாம். ஸியோ என்ற மற்றொரு நூலகத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால் பழைய ஃப்யூச்சரை ஐஓவுக்குள் பொதிந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே ஓடுவது அதே ஃப்யூச்சர்தான்.

நிறுத்துவதைவிட, எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் வில்லங்கம். பூலிலிருந்து (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) ஒரு டேட்டாபேஸ் இணைப்பை எடுக்கிறீர்கள், வினவலை ஓட்டுகிறீர்கள், இணைப்பைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். எடுத்தபின் ரத்து வந்தால் திருப்பிக் கொடுக்கும் வரி ஓடாது. இப்படிச் சில முறை நடந்தால் பூல் காலி. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் சேவை உறைந்து நிற்கும். பிழையைக் கையாளும் குறியீடு இங்கே உதவாது, ஏனெனில் கேட்ஸ் எஃபெக்டில் ரத்து என்பது பிழையே அல்ல. எஃப் ஷார்ப் மொழியின் அசிங்க்கிலும் பிழையைப் பிடிக்கும் 'டிரை வித்' அதைப் பிடிக்காது, எப்படி முடிந்தாலும் ஓடும் 'டிரை ஃபைனலி' மட்டுமே ஓடும். ஹாஸ்கல் மொழியில் நேர்மாறு: அங்கே ரத்து ஓர் எக்ஸெப்ஷனாகவே (பிழையாகவே) வருவதால், எல்லா எக்ஸெப்ஷனையும் பிடிக்கும் குறியீடு ரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆகவே எடுப்பதையும் கொடுப்பதையும் 'பிராக்கெட்'டில் போடுங்கள். எடுக்கும் பகுதியில் ரத்து குறுக்கிடாது, கொடுக்கும் பகுதி எப்படியும் ஓடும். எடுப்பதே நெடுநேரக் காத்திருப்பாக இருந்தால், ரத்தைத் தடுக்கும் 'அன்கேன்சலபிள்' தரும் 'போல்' கொண்டு அந்தக் காத்திருப்புக்கு மட்டும் ரத்தை அனுமதிக்கலாம்.

இன்னொன்றும் உங்களைக் கடிக்கும். திரெட்டை மறித்து நிற்கும் வேலைகளுக்கான 'ஐஓ பிளாக்கிங்'குக்குள் 10 வினாடி உறங்கும் குறியீட்டுக்கு 2 வினாடி டைம்அவுட் வைத்தால், பதில் 10 வினாடி கழித்துத்தான் வரும். ரத்து, ஃபைபர் முழுதாக முடியும்வரை காத்திருக்கிறது. பலர் இதைக் கோளாறு என்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையான நடத்தையாகப் படுகிறது. நீங்கள் அழைக்கும் நூலகம் திரெட் இன்டரப்டுக்கு (திரெட்டை நிறுத்தச் சொல்லும் சைகை) செவிசாய்த்தால் 'இன்டரப்டிபிள்' பயன்படுத்துங்கள். ஜாவாவின் பழைய சாக்கெட் வாசிப்பு அதைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. அங்கே சாக்கெட்டிலேயே வாசிப்பு டைம்அவுட் வைப்பதுதான் வழி.