கன்ட்ரோலர் இணைய மறுப்பது ஏன்? புளூடூத் கோளாறுகள்: கேள்வி பதில்

கம்பியில்லா கேம் கன்ட்ரோலர்கள், ஹெட்போன்கள், விசைப்பலகைகள் ஆகியவற்றின் புளூடூத் இணைப்பில் வரும் சிக்கல்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சாதனத்தின் மாடல் எண் என்ன, அதை எதனுடன் இணைக்கப் பார்க்கிறீர்கள், கடைசியாக அது எதனுடன் இணைந்திருந்தது ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். அவை இல்லாமல் உருப்படியான பதில் சொல்ல இயலாது.

கேள்வி: ஐயா, தம்பியின் பிளேஸ்டேஷன் 5 உடன் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை என் விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்தேன். நன்றாக வேலை செய்தது. இரவில் தம்பி அதை பிளேஸ்டேஷனில் கேபிள் மாட்டி சார்ஜ் செய்தான். மறுநாள் பிஎஸ் பொத்தானை அழுத்தினால் பக்கத்து அறையில் பிளேஸ்டேஷன் விழித்துக்கொள்கிறது. மடிக்கணினியின் பட்டியலில் கன்ட்ரோலரின் பெயர் இருந்தும் இணைய மறுக்கிறது.

பதில்: மூன்று விவரங்களையும் எழுதியதற்கு நன்றி, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு புளூடூத் சாதனங்கள் பேரிங் ஆகும்போது, அதாவது முதன்முறை ஒன்றுக்கொன்று அறிமுகமாகும்போது, தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு நகலைச் சேமித்துக்கொள்கின்றன. அடுத்த முறை அந்த இரு நகல்களும் பொருந்தினால் மட்டுமே இணைப்பு அமையும். உங்கள் தம்பி கேபிளை மாட்டியபோது கன்ட்ரோலர் சார்ஜ் மட்டும் ஆகவில்லை. கேபிள் வழியாகவே பிளேஸ்டேஷனுடன் மீண்டும் பேரிங் ஆகி, தன் நினைவில் இருந்த மடிக்கணினியின் சாவியை விட்டுவிட்டது. மடிக்கணினிக்கு இது தெரியாது. அது பழைய நகலை வைத்துக்கொண்டு, பட்டியலில் பெயரைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

எனவே முதலில் விண்டோஸ் அமைப்புகளில் புளூடூத் பகுதிக்குப் போய் கன்ட்ரோலரின் பெயரை நீக்கிவிடுங்கள். பெயரை நீக்காமல் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. பிறகு கன்ட்ரோலர் அணைந்திருக்கும் நிலையில், டச்பேடுக்கு இடப்புறம் உள்ள கிரியேட் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்து, டச்பேடைச் சுற்றியுள்ள விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை பிடித்திருங்கள். சிமிட்டும் விளக்குதான் பேரிங் நிலைக்கு அடையாளம். பிஎஸ் பொத்தானை மட்டும் அழுத்தினால் அது பழைய துணையைத் தேடுமே தவிர, புதியதை ஏற்காது. அப்போதும் தென்படவில்லை என்றால், கன்ட்ரோலரின் பின்புறம் சோனி சின்னத்தின் அருகே உள்ள சிறு துளையில் ஓர் ஊசியை விட்டு, உள்ளிருக்கும் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தி, மீண்டும் தொடங்குங்கள்.

2025இல் வெளிவந்த மென்பொருள் புதுப்பிப்பை ஏற்றினால், டூயல்சென்ஸ் நான்கு சாதனங்கள்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு நிலைமைக்கு அதுவே நிரந்தரத் தீர்வு.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். என் போனிலும் வரவில்லை, கணினியிலும் வரவில்லை. மாடல் எண் 1537.

பதில்: 2013இல் வந்த 1537, அதன்பின் வந்த 1697 ஆகிய இரண்டு மாடல்களிலும் புளூடூத் கிடையாது. அவை மைக்ரோசாஃப்டின் சொந்த ரேடியோ முறையில் மட்டுமே பேசும். 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் உடன் வந்த 1708இலிருந்துதான் புளூடூத் உண்டு. பழைய பொருள் வாங்குவோர் பேட்டரி அறையைத் திறந்து எண்ணைப் பாருங்கள். அல்லது எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பகுதியைக் கவனியுங்கள். அது கன்ட்ரோலரின் முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேலே உள்ள பம்பர் பொத்தான்களோடு சேர்ந்த பளபளப்பான தனித் துண்டாக இருந்தால் இல்லை. உங்களுடையதைக் கணினியில் யுஎஸ்பி கேபிள் மூலமாகவோ, எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் மூலமாகவோ பயன்படுத்தலாம். போனுக்கு வேறு கன்ட்ரோலர்தான் வேண்டும்.

கேள்வி: மேசைக் கணினி, மதர்போர்டிலேயே புளூடூத் இருக்கிறது. கணினி மேசைக்கு அடியில். நான் அமர்வது இரண்டு மீட்டர் தள்ளி. டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் இணைகிறது, ஆனால் ஆட்டத்தின் நடுவே திடீர் திடீரென்று தாமதமாகிறது, சில சமயம் அறுந்துபோகிறது. ரௌட்டர் அதே அறையில் இருக்கிறது. வைஃபையால் வரும் தொல்லையா?

பதில்: நல்ல கேள்வி. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். வைஃபை வசதியுள்ள மதர்போர்டுகளில் ஆன்டெனாவைத் திருகி மாட்டுவதற்கு மஞ்சள் நிற உலோக முனைகள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பலர் இணையத்துக்கு லேன் கேபிளைப் பயன்படுத்துவதால், ஆன்டெனா எதற்கு என்று அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். அது இல்லாவிட்டால், உலோகப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வரும் சிக்னல் இரண்டு மீட்டர் கடப்பதே பெரும்பாடு.

ஆன்டெனா இருந்தும் சிக்கல் நீடித்தால் அடுத்து வைஃபை. புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 79 அலைவரிசைகளில், விநாடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தப் பகுதியில் வைஃபை நெரிசல் இருக்கிறதோ அதைத் தவிர்த்து, மீதியில் மட்டும் தாவும் திறன் அதற்கு உண்டு. ஆகவே 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கும் ஒரு ரௌட்டரால் அதைப் பெரிதாகத் தடுக்க முடியாது. ரௌட்டரை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்திருந்தால் புளூடூத்தும் வைஃபையும் பகிரும் இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பாதியை அதுவே விழுங்கிவிடும். அதை 20க்கு மாற்றி, முடிந்த சாதனங்களை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள்.

வைஃபையைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது யுஎஸ்பி 3.0 சாதனங்களை. அவற்றின் இணைப்பு முனைகளிலிருந்தும் கேபிள்களிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதும் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே விரிவான ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. வைஃபை ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொள்வதால் புளூடூத் வேறு பகுதிக்குத் தாவித் தப்பிக்கிறது. இரைச்சல் எல்லா இடத்திலும் இருந்தால் தாவ இடமே இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க் ஏதேனும் மாட்டியிருந்தால், அதைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் விளையாடிப் பாருங்கள்.

கேள்வி: கணினியின் யுஎஸ்பியில் மாட்டும் என் புளூடூத் டாங்கிள் 4.0 பதிப்பு. அதே போன்ற தாமதம் எனக்கும் இருக்கிறது. 5.3 டாங்கிள் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளை வாங்கி, டாங்கிளை மேசையின் மேல், கன்ட்ரோலர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: என் அம்மாவின் காது கேட்கும் கருவி போனுடன் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. கன்ட்ரோலருக்குச் சொன்ன அதே முறை பொருந்துமா?

பதில்: போனிலிருந்து நீக்கி மீண்டும் இணைப்பது வரை செய்து பார்க்கலாம். அதற்கு மேல், கருவியைப் பொருத்திக்கொடுத்த செவித்திறன் நிபுணரிடமே கொண்டுபோங்கள். அதன் ஒலி அமைப்புகள் அம்மாவின் செவித்திறனுக்கேற்ப அளந்து வைக்கப்பட்டவை. எந்த ரீசெட்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

கேள்வி: 5.3 பற்றிக் கேட்டவன்தான். நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. 5.0 பதிப்பில் வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு என்று டாங்கிளின் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அது பொய்யா?

பதில்: பொய்யன்று, ஆனால் உங்கள் கன்ட்ரோலருக்குப் பொருந்தாத உண்மை. புளூடூத்தில் கிளாசிக், லோ எனர்ஜி என இரண்டு தனித்தனி முறைகள் உள்ளன. 2016 இறுதியில் வந்த 5.0 பதிப்பு கூட்டிய வேகமும் தூரமும் லோ எனர்ஜி முறைக்கு மட்டுமே உரியவை. அதிலும், வேகத்தைக் கூட்டினால் தூரம் கூடாது, தூரத்தைக் கூட்டினால் வேகம் குறையும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை. டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், ஸ்விட்ச் புரோ ஆகிய மூன்று கன்ட்ரோலர்களும் பேசுவது கிளாசிக் முறையில். 5.3 டாங்கிளில் மாட்டினாலும் அவை அதே பழைய முறையில்தான் பேசும்.

கேள்வி: கன்ட்ரோலர் கனெக்ட் ஆகவில்லை. உடனே உதவவும்.

பதில்: எந்தக் கன்ட்ரோலர், எதனுடன், கடைசியாக எங்கே இணைந்திருந்தது?

கேள்வி: டூயல்ஷாக் 4 கணினியில் இணைந்துவிட்டது, ஆனால் ஆட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பதில்: புளூடூத் தன் வேலையை முடித்துவிட்டது. பல விண்டோஸ் ஆட்டங்கள் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் மொழியை மட்டுமே அறியும். ஸ்டீமில் உள்ள ஆட்டமானால் ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் பிளேஸ்டேஷன் ஆதரவை இயக்குங்கள். வேறிடத்தில் வாங்கியதானால் டிஎஸ்4விண்டோஸ் போன்ற மென்பொருள் மொழிபெயர்த்துக் கொடுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒவ்வொரு அழுத்தமும் இரட்டையாகப் பதிவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வன்பொருளை இயக்க உதவும் டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். புளூடூத் டிரைவரை மடிக்கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாக ஒலிக்கிறது. ஆட்டத்தில் நண்பர்களுடன் பேசத் தொடங்கியதும் பழைய தொலைபேசி போல் கரகரக்கிறது. கன்ட்ரோலரும் மந்தமாகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பாட்டு கேட்கும்போது ஹெட்போன் ஸ்டீரியோ ஒலிக்கான ஒருவழி முறையில் இயங்குகிறது. அதன் மைக் திறந்தவுடன், தொலைபேசி அழைப்புக்காக வகுக்கப்பட்ட இருவழி முறைக்கு மாறி, ஒலி விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் கொண்ட மோனோவாகச் சுருங்குகிறது. பேசும் செயலியில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால், ஹெட்போன் ஸ்டீரியோவிலேயே நிற்கும்.

கன்ட்ரோலர் மந்தமாவதற்குக் காரணம், ஒரே ரேடியோ இரண்டு சாதனங்களுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருப்பது. நின்டெண்டோ 2021 செப்டம்பரில் ஸ்விட்சுக்கு புளூடூத் ஒலி வசதியைக் கொடுத்தபோது, அதைப் பயன்படுத்தும்போது இரண்டு கம்பியில்லா கன்ட்ரோலர்களுக்கு மேல் இணைக்க முடியாது என்று வரம்பு வைத்தது இந்த நெருக்கடியை நன்கு காட்டுகிறது. விளையாட்டுக்குக் கம்பி ஹெட்போனோ, தனக்கென்று டாங்கிள் கொண்ட ஹெட்செட்டோதான் சரி.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலரை போனில் இணைப்பது எப்படி?

பதில்: முடியாது. அதில் புளூடூத் இல்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பற்றி மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். ஒன்றில் இணைத்தால் மற்றதில் அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பேரிங் செய்தே சலித்துவிட்டது.

பதில்: மிகக் குறைவானவர்கள் கேட்கும், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இரு இயங்குதளங்களும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்துவதால், கன்ட்ரோலருக்கு இரண்டும் ஒரே முகவரியுள்ள ஒரே கணினி. லினக்ஸில் பேரிங் செய்தால், அந்த முகவரிக்குரிய சாவியைக் கன்ட்ரோலர் மாற்றி எழுதிக்கொள்கிறது. விண்டோஸ் பழைய சாவியுடன் வந்து கதவைத் தட்டுகிறது. முதலில் லினக்ஸில் பேரிங் செய்யுங்கள், பிறகு விண்டோஸில் செய்யுங்கள். விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கும் கடைசிச் சாவியை எடுத்து, லினக்ஸின் புளூடூத் அடைவில் அந்தச் சாதனத்துக்குரிய கோப்பில் பழைய சாவி இருக்கும் இடத்தில் எழுதி, புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இதன்பின் இரண்டிலும் மாறி மாறி இணையும். லோ எனர்ஜி சாதனமானால் ஒரு சாவி போதாது. உடன் உள்ள மற்ற எண்களையும் நகலெடுக்க வேண்டும்.

கேள்வி: கன்ட்ரோலர் இணைந்த பிறகு ஆட்டத்தில் வரும் பாத்திரம் தானாகவே இடப்பக்கம் நகர்கிறது. புளூடூத் கோளாறா?

பதில்: அல்ல. கேபிளில் மாட்டியும் நகர்ந்தால் ஸ்டிக்கின் உள்ளிருக்கும் உணரி தேய்ந்திருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: மீண்டும் 5.3 காரன். என் நண்பன் மடிக்கணினியில் 5.3 டாங்கிள் மாட்டியதும் தாமதம் போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அவர் மாற்றியது பதிப்பை மட்டுமன்று. ரேடியோவையும், அதன் டிரைவரையும், அது இருக்கும் இடத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார். மடிக்கணினியின் உள் ஆன்டெனாவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கிளுக்கு வந்ததே போதுமான விளக்கம். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் கையாளும். டிவைஸ் மேனேஜரில் உள் ரேடியோவை முடக்காமல் டாங்கிளை மாட்டினால் விசித்திரமான கோளாறுகள் வரும்.

கேள்வி: டூயல்சென்ஸ் போனில் இணைந்தது, கணினியில் பெயர் மட்டும் தெரிகிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கணினியில் பெயரை நீக்கிவிட்டு, கிரியேட், பிஎஸ் இரண்டையும் பிடியுங்கள்.

கேள்வி: 8பிட்டூ எஸ்என்30 புரோ. கணினியில் இணைகிறது, பொத்தான்கள் எல்லாம் இடம் மாறி வேலை செய்கின்றன.

பதில்: பல சாதனங்களுக்குப் பொதுவான கன்ட்ரோலர்களில், எந்தப் பொத்தானோடு சேர்த்து இயக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது எந்த வேடத்தில் இயங்கும் என்பது அமைகிறது. இதில் ஸ்டார்ட்டுடன் எக்ஸ் விண்டோஸுக்கு, பி ஆண்ட்ராய்டுக்கு, ஒய் ஸ்விட்சுக்கு. நீங்கள் ஸ்விட்ச் வேடத்தில் இணைத்திருக்கிறீர்கள். வேடம் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய பேரிங் தேவை.

கேள்வி: நீட்டிப்புக் கேபிளை வாங்கிப் பார்த்தேன். பழைய 4.0 டாங்கிளிலேயே மேசையருகே தாமதம் அறவே இல்லை. ஆனால் கட்டிலில் அமர்ந்தால், நடுவே இரும்பு பீரோ இருப்பதால், மீண்டும் அறுகிறது. இப்போதாவது புதியது வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்கலாம், ஆனால் பெட்டியில் தேட வேண்டியது பதிப்பு எண்ணை அன்று, வெளியே நீண்டிருக்கும் ஆன்டெனாவை. அதிக மின்திறன் என்ற விளம்பரத்தையும் பெரிதாக எண்ண வேண்டாம். டாங்கிள் எவ்வளவு உரக்கப் பேசினாலும், சிறு பேட்டரியில் இயங்கும் கன்ட்ரோலரின் குரல் அதே அளவில்தான் இருக்கும். ஆன்டெனா மட்டுமே அனுப்புவதையும் கேட்பதையும் ஒருசேர மேம்படுத்தும். செலவு செய்வதற்கு முன் கேபிளின் நுனியைப் பீரோவின் பக்கவாட்டுக்கு நகர்த்தி ஒருமுறை பாருங்கள். கட்டிலிலிருந்து டாங்கிள் கண்ணுக்குத் தெரிந்தால், அந்த 4.0 டாங்கிளே போதும்.