வீட்டுச் சோலாருக்குப் பேட்டரி எத்தனை, இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிது?

கேள்வி: மூன்று படுக்கையறை வீடு. எத்தனை பேட்டரி போடலாம்?

படுக்கையறை மின்சாரம் குடிக்காது. என்னென்ன ஓடும், ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம் பேசலாம்.

கேள்வி: நான்கு ஃபேன், பத்து எல்இடி விளக்கு, ஒரு ஃப்ரிட்ஜ், வைஃபை. மாலை 6 முதல் காலை 6 வரை பேட்டரியிலேயே ஓட வேண்டும்.

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல வசதி. ஃபேன் 70 வாட், நான்கும் 8 மணி நேரம் என்றால் இரண்டேகால் யூனிட். விளக்குகளுக்கு அரை யூனிட், ஃப்ரிட்ஜுக்கும் வைஃபைக்கும் சேர்த்து முக்கால். யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது: இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 40 வாட் தின்னும். இரவு முழுக்க அது அரை யூனிட். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து நாலரை என்று வையுங்கள். 51 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்று மயிரிழையில் போதும். மழை நாளுக்குக் கையிருப்பு இருக்காது. டியூபுலர் (ஈய அமில பேட்டரி) என்றால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, எனவே 12 வோல்ட் 200 ஏஎச் நான்கு. பேனல் 2 கிலோவாட்.

கேள்வி: 1000 விஏ இன்வெர்ட்டர். 900 வாட்தான் போடுகிறேன், ட்ரிப் ஆகிறது.

விஏ (வோல்ட் × ஆம்ப்) வேறு, உண்மையில் பயன்படும் வாட் வேறு. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் 1000 விஏ என்றால் 800 வாட்தான். விஏ பெரிய எழுத்தில் இருக்கும், வாட் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் 600 ஏஎச் இருக்கிறது. நண்பரிடம் வெறும் 100 ஏஎச். இரண்டு வீட்டிலும் ஒரே லோடு. அவருக்கு என்னைவிட அதிக நேரம் ஓடுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதிவிட்டேன்! வோல்ட் சொல்லாமல் ஏஎச் சொல்வது, நீளம் சொல்லாமல் அகலத்தை மட்டும் சொல்லி மனைக்கு விலை கேட்பது மாதிரி. 600 ஏஎச் என்றால் உங்களுடையது 12 வோல்ட் 150 ஏஎச் நான்கை இணையாகக் கோத்ததாக இருக்கும். 12 × 600 = 7200 வாட்-மணி, அதாவது ஏழு யூனிட் சொச்சம். ஈய அமிலம், அதனால் பாதிதான் உங்களுக்கு: மூன்றரை. நண்பருடையது 51 வோல்ட் லித்தியமாக இருக்கும், ஐந்து யூனிட். அதில் 90 சதவீதம் எடுக்கலாம்: நாலரை. ஏமாற்று எதுவும் இல்லை, பெருக்கல் கணக்குதான்.

இன்னொன்று. உங்கள் பேட்டரியில் உள்ள 150 என்பது பெரும்பாலும் சி20 கணக்கு, அதாவது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. ஐந்து மணி நேரத்தில் காலி செய்தால் அவ்வளவு தராது. சோலாருக்கு சி10 (10 மணி நேரக் கணக்கு) என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

12 வோல்ட்டின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. 3000 வாட் இழுத்தால் 250 ஆம்ப் ஓடும். 48 வோல்ட்டில் 60 சொச்சம்தான். என் முதல் செட்டும் 12 வோல்ட்தான். ஒரு ராத்திரி கருகல் வாசனை வந்து எழுந்து பார்த்தால், கேபிள் முனை நீலம் பாரித்து உறை இளகியிருந்தது. லோடு 1 கிலோவாட்டைத் தாண்டினால் 24, இரண்டைத் தாண்டினால் 48.

கேள்வி: 1 எச்பி பம்பு 746 வாட்தானே? 1500 வாட் இன்வெர்ட்டர் தாராளமாகப் போதாதா?

போதாது. 746 என்பது மோட்டார் தண்டில் கிடைப்பது. உள்ளே இழுப்பது ஆயிரத்தைத் தாண்டும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு. ஓடும் வாட் வேறு, கிளம்பும் வாட் வேறு. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் பாருங்கள், பம்பை வெயில் நேரத்தில் போடுங்கள்.

கேள்வி: மூன்று வருடப் பேட்டரியோடு புதிதாக ஒன்று சேர்க்கலாமா?

கூடாது. பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

கேள்வி: பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த கிரிட் சோலார். கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் நின்றுவிடுகிறது. பழுதா?

இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கூரை மின்சாரம் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால், லைனைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியில் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

கேள்வி: லித்தியத்தில்தான் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) இருக்கிறதே, டிசி ஃப்யூஸ் எதற்கு?

பிஎம்எஸ் பேட்டரியைக் காக்கும். ஃப்யூஸ் வீட்டைக் காக்கும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வீட்டு ஏசி லைனுக்கான பிரேக்கரைப் பேட்டரி டிசி லைனுக்கு மாட்டாதீர்கள். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்துக்கு வரும், பிரேக்கர் திறக்கும்போது வரும் பொறி அணையும். டிசியில் வராது, எரிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பட்டியல் எழுத நேரமில்லை. தோராயமாக ஏதாவது சொல்லுங்களேன்?

சரி. மின் ரசீதில் உள்ள யூனிட்டை நாள் கணக்கால் வகுத்து, பாதியை இரவுக்கு வையுங்கள். பேட்டரி அளவு குத்துமதிப்பாக வரும். இன்வெர்ட்டர் அளவு ரசீதில் கிடைக்காது, கிளம்பும் வாட் அதில் எழுதியிருக்காது. அதற்குப் பட்டியல்தான்.