ஒருவருடைய மோசமான குணங்கள் தெரிந்த பிறகும் அவரைக் கொண்டாட முடியுமா?

எனக்கு அந்த ஒருவர் பாபி ஃபிஷர். அமெரிக்க செஸ் வீரர், 1972-இல் உலக சாம்பியன்.

கல்லூரி நாட்களில் அவருடைய ஆட்டங்களை நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்த்தவன் நான். முதலில் பார்த்தது 1956-இல் டொனால்ட் பைர்னுக்கு எதிராக அவர் ஆடியது. அப்போது அவருக்கு 13 வயது. 17-ஆவது நகர்த்தலில் ராணி வெட்டுப்படும் என்று தெரிந்தே மந்திரியை நகர்த்துகிறார். பைர்ன் ராணியை வெட்டுகிறார். அப்புறம் குதிரையும் மந்திரியும் மாறி மாறிச் செக் வைக்க, ராஜா இங்கும் அங்கும் ஓடுவதற்குள் காய்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. 41-ஆவது நகர்த்தலில் மேட். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு அக்கா மகனுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு வயசு. ஒரு வாரம் கழித்து போனும் கையுமாக வந்து நின்றான். "மாமா, இவரா உங்க ஆளு?"

செப்டம்பர் 11, 2001 அன்று பிலிப்பைன்ஸ் வானொலி ஒன்றுக்கு ஃபிஷர் கொடுத்த பேட்டி அது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. நல்ல செய்தி என்று மகிழ்ந்து பேசுகிறார், யூதர்களைத் திட்டுகிறார். ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று சொல்லித் திரிந்தவர் அவர். இத்தனைக்கும் அவருடைய அம்மா யூதர். செஸ்ஸின் முதல் உலக சாம்பியன், ஃபிஷர் விரும்பிப் படித்த ஆட்டங்களை ஆடிய ஸ்டைனிட்ஸும் யூதர்தான்.

அந்தப் பேட்டி எனக்கு முன்பே தெரியும். பையனிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபோதுதான், நானே அதைப் பல வருடமாக ஓரங்கட்டி வைத்திருந்தது புரிந்தது.

அவனிடம் முதலில் சொன்னது, "அவருக்கு மனசு சரியில்லைடா." இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் மனநலம் சரியில்லாதவர்கள் எத்தனையோ பேர் ஒரு இனத்தையே வெறுக்காமல் வாழ்கிறார்கள். அவர்கள் மேல் இந்தப் பழியைப் போட எனக்கு என்ன உரிமை?

அடுத்து, "மேதைங்க அப்படித்தான் இருப்பாங்க." இது இன்னும் மோசம். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஃபிஷரிடம் தோற்றாரே சோவியத் வீரர் ஸ்பாஸ்கி, அவர் என்ன, மேதை இல்லையா? ஆறாவது ஆட்டத்தில் தோற்றதும் கூட்டத்தோடு சேர்ந்து ஃபிஷருக்குக் கை தட்டினார் மனுஷன். நம் ஆனந்த் ஐந்து முறை உலக சாம்பியன். யாரை வெறுத்து ஜெயித்தார்?

ஆனாலும் ஃபிஷரிடம் எல்லாவற்றையும் கத்தரிக்கோல் வைத்து வெட்டிப் பிரிக்க எனக்கு வரவில்லை. 1962-இல் கரீபியன் தீவான குராசாவில், உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று முடிவு செய்ய நடந்த போட்டியில், சோவியத் வீரர்கள் தங்களுக்குள் பேசிவைத்து டிரா செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அடுத்த சுற்றிலிருந்து உலக செஸ் அமைப்பு அந்தப் போட்டி முறையையே மாற்றியது. 1972-இல் பணம் போதாது என்று ஐஸ்லாந்துக்கு வராமல் அடம் பிடித்தார். லண்டன் பணக்காரர் ஒருவர் பரிசுத் தொகையை இரட்டிப்பாக்கிய பிறகுதான் வந்தார். செஸ்ஸில் பணம் வந்ததே அந்த அடத்தால்தான் என்பார்கள். எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற அந்தப் புத்தி ஒரு தடவை சரியாக இருந்தது, நாம் கை தட்டினோம். பிறகு அதே புத்தி எங்கெங்கோ போனது. ரசிகர்களோ "பாபி அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நானும்தான்.

ஆக, என் பதில்: ஆட்டங்களை ரசிக்கிறேன், அதில் குற்ற உணர்ச்சி இல்லை. பைர்னுடனான ஆட்டத்தை ஆடிய 13 வயதுப் பையன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் "என் ஹீரோ" என்று சொல்வதை விட்டுவிட்டேன். யாருக்காவது அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தால், பேட்டியைப் பற்றியும் அதே நாளில் சொல்லிவிடுகிறேன். பாதி சொல்லி, மீதியைப் பிள்ளைகள் யூடியூபில் கண்டுபிடிக்க விடுவதுதான் எனக்கு இப்போது அசிங்கமாகத் தெரிகிறது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் ஸ்பாஸ்கிதான். 1992-இல் யூகோஸ்லாவியா மீதான பொருளாதாரத் தடையை மீறி அங்கே ஃபிஷர் ஆடியதும் அவருடன்தான். அதற்காக அமெரிக்கா போட்ட வழக்கு துரத்தி, 2004-இல் ஜப்பானில் ஃபிஷர் பிடிபட்டார். ஸ்பாஸ்கி அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதினார். ஃபிஷரை நியாயப்படுத்த விரும்பவில்லை, கருணை மட்டும் கேட்கிறேன் என்றார். முடியாது என்றால், அதே குற்றத்தை நானும் செய்தேன், என்னையும் பிடித்து அதே அறையில் போடுங்கள், ஒரு செஸ் செட்டும் கொடுங்கள் என்று முடித்தார்.

இதைச் சொன்னதும் அக்கா மகன் கேட்டான்: "செட் குடுத்தாங்களா மாமா?"

இல்லைடா. அடுத்த மார்ச்சில் ஐஸ்லாந்து குடியுரிமை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. 2008-இல் அங்கேயே செத்தார்.

"சரி, அந்த 17-ஆவது மூவ்லேர்ந்து இன்னொரு தடவை காட்டுங்க."