திருக்கோவிலில் கண்டது பொப்லரா, பூவரசா?

கேள்வி: விடுமுறைக்குக் குடும்பமாகத் திருக்கோவில் கடற்கரைப் பக்கம் போனோம். அரசிலை போன்ற இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு மரம் நின்றது. போனில் படம் பிடித்துத் தேடினால் 'பொப்புல்னியா' என்று வந்தது. இது பொப்லர் மரமா? கல்முனையில் எங்கள் வளவில் வளர்க்கலாமா?

பதில்: பெயர்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. 'தெஸ்பீசியா பொப்புல்னியா' என்பது நம் பூவரசு. பொப்லர் இலை போன்ற இலை உள்ளது என்பதால் வந்த பெயர் அது. பொப்லரோ குளிர்நாட்டு மரம். அதில் இப்படி மஞ்சள் பூவும் வராது. வால் போலத் தொங்கும் பூங்கொத்துத்தான்.

ஆனால் பூவரசுதான் என்று முடிவுகட்டுமுன் நீர்ப்பருத்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்திலும் வாவிக்கரையிலும் வளரும் அதற்கும் இதய வடிவ இலை, மஞ்சள் பூ. பொழுதுபடும்போது பூ சிவக்கிறது என்று அடையாளம் சொல்வார்கள். இரண்டுமே அப்படிச் சிவக்கும், அதை நம்பாதீர்கள். இலையைத் திருப்பித் தடவுங்கள். பூவரசிலை இரு பக்கமும் வழவழப்பாக இருக்கும். நீர்ப்பருத்தியின் அடிப்பக்கம் வெளிறி, மெல்லிய மயிரோடு இருக்கும். காய் இன்னும் உறுதியான சாட்சி. நீர்ப்பருத்திக் காய் முற்றினால் ஐந்தாக வெடிக்கும். பூவரசங்காய் சற்றுத் தட்டையான உருண்டை. வெடிக்காமல் மரத்திலேயே காய்ந்து கிடக்கும். பச்சைக்காயைக் கீறினால் மஞ்சள் பால் கசியும்.

சரி, பூவரசு என்று தெரிந்துவிட்டால் வளர்ப்பது சுலபம். கதியால் போட்டாலே போதும். பெருவிரலைவிடத் தடித்த, முற்றிய கிளையில் நாலைந்து அடி வெட்டுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். அலவாங்கால் ஓர் அடிக்குக் குழி எடுத்துத்தான் இறக்க வேண்டும். அடித்து இறக்கினால் பட்டை பிளந்து அழுகும். சுற்றிவர மண்ணை நன்றாக மிதித்து இறுக்குங்கள். அப்புறம், துளிர் கண்டதும் பிடித்தாயிற்று என்று அசைத்துப் பார்க்க வேண்டாம். கிளையில் சேர்ந்திருக்கும் சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும், வேர் பிறகுதான் ஓடும். இப்படி ஆட்டிப் பார்த்தே பல கதியால்கள் பட்டுப்போகின்றன.

வேலிக்கு இது போதும். நிழலுக்கு நேராக ஓங்கிய மரம் வேண்டுமானால் விதைதான் என் விருப்பம். விதைத்தோல் கடினம், கருவைத் தொடாமல் ஓரத்தை அரத்தாளில் சற்றே தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து நடுங்கள்.

அந்த மரம் யாருடைய வேலியில் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. கிளை வெட்டுமுன் வளவுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.