சூட்டுக் கடையின் வாரிசு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய உடைக் கடைச் சங்கிலியான யூனிக்லோ பற்றிய உங்கள் கட்டுரையில், அதை உருவாக்கிய தடாஷி யனாயின் அப்பா நடத்திய கோட்-சூட் கடை இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. என் சந்தேகமே அந்த இரண்டு வரிகளில்தான். அப்பாவின் கல்லாவில் வந்து உட்கார்ந்தவரைச் சுயமாக முன்னேறியவர் என்று எழுதுகிறார்களே, சரியா? ஒரு சூட்டுக் கடை எப்படி யூனிக்லோ ஆகும்? அவருக்குப் பிறகு மகன்கள்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் வாரிசுதான். மேற்கு ஜப்பானில், யமாகுச்சி மாகாணத்தில் உபே என்று ஒரு நகரம், அப்போது நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே அப்பா ஹிதோஷி யனாய் ஆண்களுக்கான உடைக் கடை திறந்தது 1949-ல். மகன் பிறந்ததும் அதே ஆண்டு. மகன் வாசேடா பல்கலைக்கழகத்தில் படித்து 1971-ல் வெளியே வந்தார். ஜஸ்கோ பேரங்காடியில் சேர்ந்து சமையலறைச் சாமான்களும் ஆண்கள் உடையும் விற்றார். ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1972-ல் ஊருக்குத் திரும்பி அப்பாவின் ஓகோரி ஷோஜி நிறுவனத்தில் சேர்ந்தார்.

சேர்ந்த கையோடு, பேரங்காடியில் பார்த்ததை அளவுகோலாக வைத்துக் கடையில் குறை சொல்ல ஆரம்பித்தார். பழைய ஊழியர்கள் ஒருவரைத் தவிர எல்லோரும் விலகிப் போய்விட்டார்கள். கொள்முதல், கணக்கு, கடையைப் பெருக்குவது, ஆள் எடுப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. இந்தக் கட்டத்தில் அப்பா மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. நிறுவனத்தின் முத்திரையையும் வங்கிப் பாஸ்புக்கையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். அன்றைய ஜப்பானில் கடன் பத்திரத்திலும் ஒப்பந்தத்திலும் கையெழுத்தைவிட அந்தப் பதிவு முத்திரைக்குத்தான் மதிப்பு. கடையைக் கொடுத்துவிட்டு காசோலைப் புத்தகத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அப்பாக்கள்தான் எங்கும் அதிகம். என்னைக் கேட்டால், யனாய்க்குக் கிடைத்த உண்மையான சொத்து அந்த முத்திரைதான்.

அவர் கடைக்கு வந்த 1972-க்கும் முதல் யூனிக்லோ திறந்த 1984-க்கும் நடுவே 12 ஆண்டுகள். பத்திரிகைகள் தாண்டிப் போகும் இந்த ஆண்டுகளில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. சூட்டில் ஓர் உருப்படிக்குக் கிடைக்கும் லாபம் அதிகம், ஆனால் சரக்கு மெதுவாகத்தான் நகரும். விற்பவர் வாடிக்கையாளரிடம் பேசி, தோளும் கை நீளமும் பார்த்து, பேன்ட்டின் கால் நீளத்தைக் குறித்து ஆல்டருக்கு அனுப்ப வேண்டும். நல்ல விற்பனையாளர் இல்லாவிட்டால் கடை இல்லை. அதனால் இரண்டாவது கடை திறக்க வேண்டுமென்றால் பணத்தைவிட முதலில் இன்னொரு தேர்ந்த ஆள் வேண்டும். டீ-ஷர்ட்டுக்கும் சாதாரணச் சட்டைக்கும் இது எதுவும் வேண்டாம். வந்தவர் தானே எடுத்து, தானே போட்டுப் பார்த்து, கல்லாவுக்கு வந்துவிடுவார். லாபம் குறைவு, ஆனால் போட்ட முதல் சீக்கிரம் திரும்பும்.

1984 ஜூனில் ஹிரோஷிமாவில் திறந்த முதல் யூனிக்லோ இந்தக் கணக்கில் பிறந்த கடை. காலை ஆறு மணிக்கே திறந்தார்கள். முக்கிய விலைகள் 1,000 யென், 1,900 யென். வரிசையில் நின்றவர்களுக்கு பன்னும் பாலும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஷிமொனோசெக்கியில் நெடுஞ்சாலையோரம் கடை போட்டார்கள். வாடகை மலிவு, காரை நிறுத்த இடம் உண்டு. பின்னால் கிளைகள் பரவியது அந்த அச்சில்தான்.

ஆனால் மலிவு உடைக்குக் கெட்ட பெயர் சீக்கிரம் வரும். 1995-ல் யூனிக்லோவைத் திட்டி எழுதுபவருக்கு 10 லட்சம் யென் பரிசு என்று விளம்பரமே கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 10,000 கடிதங்கள் வந்தன. தரம் பற்றிய புகார்கள் குவிந்திருந்தன. மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கும் வரை தையலும் துணியும் உங்கள் கையில் இல்லை. ஜப்பானியத் துணிச் சந்தையில் விற்காததை மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. அந்த வசதிக்கான விலையும் சரக்கின் விலையிலேயே ஏறியிருக்கும். யனாய் திருப்பி அனுப்பும் உரிமையை விட்டுக்கொடுத்து, ஆலையிலிருந்து முழுச் சரக்கையும் தானே எடுத்துக்கொள்ளும் முறைக்குப் போனார். ரகங்களைக் குறைத்தார், ஒவ்வொரு ரகத்திலும் அளவைக் கூட்டினார்.

இதில் எங்கே அடி விழும்? சைஸில். நடு சைஸ்கள் முதலில் தீரும், ஓரத்துச் சின்னதும் பெரியதும் அலமாரியில் தங்கிவிடும். கணக்கில் சரக்கு இருக்கும், கேட்டு வருபவருக்குக் கொடுக்க இருக்காது. ஒரு ரகம் 15 நிறத்தில் வந்தால் இதே கூத்து 15 தடவை. சீசன் முடிந்து மொத்தமாகத் தள்ளுபடி போட்டால் நஷ்டம்தான். அதனால் வாராவாரம் கடைவாரியாக விற்பனையையும் இருப்பையும் பார்த்து, சுணங்கும் ரகத்துக்கு மட்டும் சில நாள்கள் விலையைக் குறைத்து, சீசனுக்குள்ளேயே தீர்க்கிறார்கள்.

1998 நவம்பரில் டோக்கியோவின் ஹராஜுகுவில் கடை திறந்தபோது 1,900 யென் ஃப்ளீஸ் (குளிருக்கான மெத்தென்ற செயற்கை இழைத் துணி) மேலாடையை முன்னே வைத்தார்கள். அந்த ஆண்டு 20 லட்சம், அடுத்த ஆண்டு 85 லட்சம், 2000-ல் 51 நிறங்களில் 2.6 கோடி உருப்படிகள் போயின. பிறகு எல்லோரிடமும் ஃப்ளீஸ் இருந்தது. 2001 நிதியாண்டில் 41,800 கோடி யென்னைத் தாண்டிய விற்பனை, 2003-ல் 31,000 கோடிக்கு இறங்கிவிட்டது. அதே நேரத்தில் பிரிட்டனில் அவசரமாக 21 கடைகள் திறந்து 16-ஐ மூடினார்கள். காய்கறி வியாபாரம்கூடச் செய்து பார்த்தார்கள், இரண்டு வருடம் ஓடவில்லை. செயற்கை இழை தயாரிக்கும் டோரே நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, குளிருக்கான ஹீட்டெக் உள்ளாடைதான் பிறகு கைகொடுத்தது. முன்கூட்டியே லட்சக்கணக்கில் எடுப்பதாக உறுதி கொடுப்பவருக்குத்தான் நூல் ஆலை தனி இழை செய்து தரும்.

ஆக, சுயமாக முன்னேறியவர் என்று நான் எழுத மாட்டேன். அப்பா சேர்த்த வங்கி நம்பிக்கையும் ஓடிக்கொண்டிருந்த கடைகளும் இல்லாமல் ஹிரோஷிமா கடை வந்திருக்காது. அதற்காக அப்பா கடையில் உட்கார்ந்தவர் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கடையின் சரக்கையும் விற்கும் முறையையும் அவர் கைவிட்டுவிட்டார்.

மகன்கள் விஷயம். 2002-ல் குடும்பத்துக்கு வெளியிலிருந்த தமாட்சுகாவிடம் தலைவர் பொறுப்பைக் கொடுத்தார், 2005-ல் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். அடிபட்ட கம்பெனி தமாட்சுகா காலத்தில் நிதானமாக மீண்டது. யனாய்க்கு அந்த வேகம் போதவில்லை. மகன்கள் கசுமி, கோஜி இருவரும் 2018-ல் இயக்குநர் குழுவில் சேர்ந்தார்கள். டோக்கியோவின் ஷிபுயாவில் பெரிய கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 17 பொதுக் கழிப்பறைகளைக் கட்டவைத்தவர் இந்தக் கோஜிதான். நிர்வாகத்தை மகன்களிடம் கொடுக்கப் போவதில்லை, பங்குதாரர்களாக மேற்பார்வை பார்ப்பார்கள் என்பதுதான் யனாய் வெளிப்படையாகச் சொல்லிவருவது. 2023 செப்டம்பரில் யூனிக்லோவின் தலைவரானவர் ட்சுகாகோஷி, குடும்பத்தைச் சேராதவர். தாய் நிறுவனமான ஃபாஸ்ட் ரீடெய்லிங்கின் தலைமையை மட்டும் யனாய் அப்போது விடவில்லை. அப்பா அவருக்கு முத்திரையைக் கொடுத்த வேகத்தோடு ஒப்பிட்டால், இவர் கொஞ்சம் தாமதம்தான்.